புள்ளியைத் தொட்டால் விவரம் சொல்லும் வரைபடம்

 

நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை 'எங்கே' என்ற கேள்விதான். ராத்திரி நேரத்தில் ஜனாஸாவுக்கு ஃப்ரீசர் பெட்டி எங்கே கிடைக்கும்? பெண் மருத்துவர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்தக் கிழமையில் இருப்பார்? உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று வாங்க, பக்கத்தில் உள்ள இ-சேவை மையம் எது? டயாலிசிஸ் செய்யும் இடம் நம் வட்டாரத்தில் உண்டா? இவற்றுக்கெல்லாம் ஊரில் யாரோ ஒருவருக்குப் பதில் தெரியும். ஆனால் அது முத்தவல்லி சாஹிபின் ஞாபகத்தில் கொஞ்சம், அலுவலக டைரியில் கொஞ்சம், வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதத்துக்கு முன் வந்த செய்தியில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கிறது. அவர் தூங்கிவிட்டால் பதிலும் தூங்கிவிடும்.

சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் சேர்க்க இன்று எளிய வழி இருக்கிறது. ஊரின் வரைபடம் கைபேசித் திரையில் விரிகிறது. அதன்மேல் நிறநிறமாகப் புள்ளிகள். ஒரு புள்ளியை விரலால் தொட்டால் சிறு சீட்டு ஒன்று திறந்து, அந்த இடத்தின் பெயர், நேரம், தொலைபேசி எண், கொண்டு போக வேண்டிய ஆவணம் எல்லாவற்றையும் காட்டுகிறது. இப்படி ஒன்றைச் செய்வதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை. கடையில் பற்று வரவு எழுதத் தெரிந்தவருக்கு இதில் முக்கால்வாசி வேலை ஏற்கெனவே தெரியும். மீதிக் கால்வாசியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எதை அந்த வரைபடத்தில் வைக்கக் கூடாது என்பதையும் பார்ப்போம். செய்முறையைவிட அதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

*முதலில் அட்டவணை*

வரைபடம் என்றதும் நம் கண் நிறங்களையும் கோடுகளையும் தேடுகிறது. உள்ளே இருப்பதோ ஓர் அட்டவணை. ஒவ்வொரு புள்ளியும் அதில் ஒரு வரி. புள்ளியைத் தொட்டதும் திறக்கும் சீட்டில் உள்ளவை அந்த வரியின் கட்டங்கள். புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை.

இது கணினி வந்த பிறகு தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, கி.பி. 833-ல் 'சூரத்துல் அர்ள்' என்ற நூலை எழுதி முடித்தார். 'அல்காரிதம்' என்ற சொல் இவருடைய பெயரிலிருந்து வந்தது என்பது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். நகரங்கள், மலைகள், கடல்கள், தீவுகள், ஆறுகள் என 2,402 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை அந்த நூல் வரிசையாகத் தருகிறது. அதனோடு இருந்திருக்க வேண்டிய உலக வரைபடம் நம் காலம்வரை வந்து சேரவில்லை. அட்டவணை வந்து சேர்ந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆய்வாளர்கள் அந்த எண்களை வைத்து வரைபடத்தைத் திரும்ப வரைந்தார்கள். தொலைந்த வரைபடத்தை அட்டவணையிலிருந்து மீட்க முடிந்தது. அட்டவணை தொலைந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே வேலையைக் கணினியில் தொடங்காமல் ஒரு தாளில் தொடங்குங்கள். எத்தனை நெடுவரிசை வேண்டும் என்பதைக் கேள்வி கேட்பவர் முடிவு செய்யட்டும். சுகாதார நிலையத்தைத் தேடும் ஒரு சகோதரிக்கு அதன் கட்டடம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்பது தேவையில்லை. பெண் மருத்துவர் வரும் கிழமை தேவை. பிரசவம் பார்க்கிறார்களா, இரவில் ஆள் இருக்கிறாரா, பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பவை தேவை. ஃப்ரீசர் பெட்டிக்கு என்றால் யாரிடம் சாவி இருக்கிறது, மின் இணைப்புக்கு எத்தனை மீட்டர் வயர் உண்டு, வாடகை உண்டா என்பவை தேவை. மௌத் நடந்த வீட்டில் நிற்கும் மனிதரிடம் நான்கு எண்களைக் கொடுத்து 'ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லும் நிலை இருக்கக் கூடாது.

என் யோசனைப்படி நம் அட்டவணைக்கு ஒன்பது நெடுவரிசை போதும்: பெயர், வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, திறந்திருக்கும் நேரம், தொலைபேசி, கொண்டு போக வேண்டியவை, குறிப்பு, கடைசியாகச் சரிபார்த்த தேதி. கடைசி நெடுவரிசையைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வரைபடத்தை நம்ப முடியாது. 'தேதி: 14 மாதத்துக்கு முன்' என்று சீட்டில் தெரிந்தால், போகுமுன் ஒரு போன் செய்து கேட்போம் என்று பார்ப்பவருக்கே தோன்றும்.

'வகை' என்ற நெடுவரிசையில் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 'மருத்துவமனை', அடுத்ததில் 'ஆஸ்பத்திரி', மூன்றாவதில் 'மருத்துவ மனை' என்று இடைவெளியோடு எழுதினால் மூன்றும் ஒன்றே என்று நமக்குத் தெரியும். கணினி மூன்று நிறம் கொடுத்துவிடும்.

*இடத்தின் எண்ணை எடுப்பது*

இரண்டு வழி உண்டு. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, இடத்தின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் மேல் வரியில் இரண்டு எண்கள் தெரியும். அதைத் தொட்டால் நகலாகிவிடும். கைபேசியில் என்றால் வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிவப்புக் குறி விழும், அதற்கான எண்களும் கிடைக்கும். நேரில் போய் வாசலில் நின்று எடுப்பதே நல்லது. திறந்த வெளியில் கைபேசி சில மீட்டர் தூரத்துக்குள் சரியாகக் காட்டும். நம் குறுகலான சந்துகளில், இருபுறமும் மாடி வீடுகள் இருந்தால், அடுத்த தெருவைக் கூடக் காட்டிவிடும். எடுத்த பிறகு திரையில் பார்த்துச் சரிசெய்து கொள்ளுங்கள்.

முகவரியை மட்டும் கொடுத்தாலும் மென்பொருள் தானே இடத்தைத் தேடும். பெருநகரில் ஓரளவு சரியாக வரும். 'பெரிய பள்ளிவாசல் பின்புறம்' என்று முகவரி எழுதும் நம் ஊருக்கு அது உதவாது. எண்ணையே எடுங்கள்.

இந்த இரண்டு எண்களில் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை இரண்டாவது. நினைவில் வைக்க ஓர் அளவு சொல்கிறேன்: தமிழ்நாட்டில் எந்த இடமானாலும் அட்சரேகை 8-க்கும் 14-க்கும் இடையில் இருக்கும், தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் இடையில் இருக்கும். இடம் மாற்றி எழுதினால் வேடிக்கை நடக்கும். நாகப்பட்டினம் ஏறக்குறைய 10.77, 79.84. இதைத் திருப்பிப் போட்டால் புள்ளி நார்வேக்கும் வடக்கே, வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்வால்பார்ட் பனித்தீவுகளில் போய் விழும். இரண்டு எண்ணையும் பூஜ்யமாக எழுதினால் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாக் கடலுக்குள் விழும். உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி அப்படி எங்கோ தனியாக நின்றால் பதறாமல் அட்டவணைக்குப் போய் அந்த வரியைப் பாருங்கள்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்? ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இரண்டு தசம இலக்கம் எழுதினால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம். நான்கு இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர். ஐந்து எழுதினால் ஒரு மீட்டர். நமக்கு ஐந்து போதும். பத்து இலக்கம் எழுதுவதால் ஒன்றும் கூடிவிடாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேறொரு காரியத்துக்குத் தேவைப்படும்.

எக்செலில் தட்டச்சு செய்பவருக்கு இரண்டு எச்சரிக்கை. தொலைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். அந்த நெடுவரிசையை எண்ணாக வைக்காமல் எழுத்தாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். அடுத்து, கோப்பை சிஎஸ்வி வடிவில் சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' என்று சொல்லும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

*புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றுவது*

அட்டவணை தயாரானால் மீதி அரை மணி நேர வேலை. இலவசமாகக் கிடைப்பவற்றில் எளியது கூகுள் மை மேப்ஸ். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். திருத்தும் வேலையைக் கணினியில் செய்யுங்கள். பார்ப்பதற்குக் கைபேசி போதும்.

உள்ளே போய்ப் புதிய வரைபடம் உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கம் பெயரில்லாத ஓர் அடுக்கு தெரியும். அதன் கீழே 'இம்போர்ட்' என்று இருக்கும். அதை அழுத்தி உங்கள் கோப்பைக் கொடுங்கள். எக்செல் கோப்பு, சிஎஸ்வி, கூகுள் ஷீட் எதுவும் ஏற்கும். உடனே இரண்டு கேள்வி கேட்கும். முதலாவது, எந்த நெடுவரிசையை வைத்து இடத்தைக் குறிப்பது? அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் குறியிட்டு, எது எது என்று சொல்லுங்கள். இரண்டாவது, புள்ளிக்கு எதைத் தலைப்பாக வைப்பது? 'பெயர்' நெடுவரிசையைக் காட்டுங்கள். முடிந்தது, புள்ளிகள் விழுந்துவிடும். தொட்டுப் பாருங்கள், உங்கள் நெடுவரிசைத் தலைப்புகள் சீட்டில் அப்படியே நிற்கும். நீங்கள் தலைப்பை 'நெ.3' என்று சோம்பலாக எழுதியிருந்தால் ஊர் மக்களும் 'நெ.3' என்றுதான் பார்ப்பார்கள்.

முதலில் எல்லாப் புள்ளியும் ஒரே நிறத்தில் இருக்கும். அடுக்கின் பெயருக்குக் கீழே நிறத்தை மாற்றும் இடம் உண்டு. அங்கே 'வகை' நெடுவரிசையைக் கொடுத்தால் மருத்துவமனைக்கு ஒரு நிறம், இ-சேவை மையத்துக்கு ஒரு நிறம் என்று பிரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சின்னமும் மாற்றலாம். இங்கேதான் இளைஞர்கள் நேரத்தைக் கொட்டுவார்கள். நிறம் ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். கண் சிறிது மங்கிய நம் பெரியவர்களுக்கு இளஞ்சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை வைக்கலாம். ஒரு தடவையில் 2,000 வரிகள் வரை ஏற்றலாம். ஒரு மஹல்லாவுக்கு இது தாராளம். ஒரு குறை உண்டு: ஏற்றிய பிறகு மூல ஷீட்டில் எண்ணை மாற்றினால் வரைபடத்தில் தானாக மாறாது. அடுக்கின் மூன்று புள்ளி மெனுவில் மறுபடி ஏற்றும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதைச் செய்ய வேண்டும்.

அந்தக் குறை பிடிக்காதவர்களுக்கு யூமேப் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்களால் வரையப்பட்டுவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின்மேல் அது இயங்குகிறது. இணையத்தில் வைத்த ஒரு ஷீட்டை நேரடியாகப் படிக்கச் சொல்லி அதில் அமைக்கலாம். ஷீட்டைத் திருத்தினால் வரைபடமும் திருந்தும். சீட்டில் எந்த நெடுவரிசை தெரிய வேண்டும், எது வேண்டாம் என்பதையும் நாமே எழுதிக் கொடுக்கலாம். கொஞ்சம் பழக வேண்டும். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சொந்தமாக நிரல் எழுதிச் செய்ய விரும்பினால், உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகாஃபோன்கின் 2011-ல் வெளியிட்ட 'லீஃப்லெட்' என்ற இலவச நிரல் தொகுப்பை எடுத்துக் கொள்ளட்டும். சில வரிகளில் ஒரு புள்ளியும் அதன் சீட்டும் திரையில் வந்துவிடும்.

*புள்ளி சொல்வதும் சொல்லாததும்*

இடங்களைத் தேட மட்டுமா வரைபடம்? இல்லை. எங்கே எது குறைகிறது, எங்கே நோய் கூடுகிறது என்றும் அது காட்டும். அப்போது படிக்கும் முறை முக்கியமாகிறது. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிப்பது, நாமும் படிக்கலாம்.

1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. அந்தப் பகுதியில் மொத்தம் 616 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா பரவுகிறது என்று அன்றைய மருத்துவர்களில் பலர் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் குடிநீரைச் சந்தேகித்தார். இறப்புப் பதிவேட்டிலிருந்து 83 பேரின் பட்டியலை வாங்கிக் கொண்டு தெருவில் இறங்கினார். அது அவருடைய அட்டவணை. ஏறக்குறைய எல்லா மரணமும் பிராட் தெருவில் இருந்த கைப்பம்புக்குப் பக்கத்தில் நடந்திருந்தது. வேறு பம்புக்கு அருகில் நடந்தவை 10 மட்டும்.

அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் அது 'இங்கே புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றன' என்ற செய்தியோடு முடிந்திருக்கும். அவர் அந்தப் பத்தையும் விடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவற்றில் ஐந்து குடும்பத்தார், பக்கத்துப் பம்பு இருக்கும்போதே பிராட் தெருத் தண்ணீரைத்தான் எப்போதும் எடுத்து வந்தோம் என்றார்கள். மூன்று பேர் பிராட் தெருப் பம்புக்கு அருகே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள். பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு விதவைப் பெண் இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். மறுபக்கம், பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழைகள் காப்பகத்தில் 535 பேர் இருந்தும் 5 பேரே இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்னோவே நேர்மையாக எழுதினார். மரணங்களை வீட்டுக்கு வீடு சிறு கறுப்புக் கோடுகளாகக் குறித்த அவருடைய வரைபடம் 1855-ல் அச்சில் வந்தது.

நமக்கு இதில் உள்ள பாடம் தெருவில் இறங்குவதுதான். பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் எண்ணிக்கை ஒரு தெருவில் கூடுதலாகத் தெரிந்தால், அந்தத் தெருவாசிகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று மேடையில் பேசிவிடக் கூடாது. அங்கே வீடுகளே அதிகமாக இருக்கலாம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பஸ் அந்தப் பக்கம் வராமல் இருக்கலாம். அல்லது நம் தன்னார்வலர் அந்தத் தெருவில் மட்டும் ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கலாம். புள்ளி இல்லாத தெருவும் அப்படித்தான். பிரச்சினை இல்லாததாலா, யாரும் போய்க் கேட்காததாலா என்று வரைபடம் சொல்லாது.

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கலவரம் மூண்டபோது, எங்கே என்ன நடக்கிறது என்று பொதுமக்கள் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் அனுப்பியவற்றைப் புள்ளிகளாகக் குறிக்க ஒரு வரைபடத்தைச் சில இளைஞர்கள் உருவாக்கினார்கள். அதற்கு 'உஷாஹிதி' என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாஹிலி மொழியில் 'சாட்சியம்' என்று பொருள். அரபு மொழியின் 'ஷாஹித்', 'ஷஹாதத்' என்ற சொற்களோடு உறவுள்ள சொல் என்பது கேட்டவுடன் புரியும். பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு புள்ளி வைப்பவர் 'இந்த இடத்தில் இது இருக்கிறது' என்று சாட்சி சொல்கிறார். போய்ப் பார்க்காமல் கேள்விப்பட்டதை வைத்துச் சாட்சி சொல்வது சரியா என்று உங்களுக்கே தெரியும்.

*எதை வைக்கக் கூடாது*

இந்த யோசனையைக் கேட்டதும் யாருக்கும் அடுத்ததாகத் தோன்றக் கூடியது இதுதான்: ஜகாத் பெறும் குடும்பங்களையும் வைத்துவிட்டால் என்ன? புள்ளியைத் தொட்டால் குடும்பத் தலைவி பெயர், பிள்ளைகள் எத்தனை, நோய் என்ன, எவ்வளவு கொடுத்தோம் என்று வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் நம் கொடையாளர்கள் பார்த்துத் திருப்தியடைவார்கள்.

கூடாது. பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் ஒருபோதும் கூடாது. கொடுப்பதை மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை மக்தபில் படித்தவர்கள் நாம். ஒரு விதவையின் வாசலில் நிரந்தரமாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு, அவருடைய மகளுக்குப் பெண் பார்க்க வருகிறவர்களும் அதைத் தொட்டுப் பார்க்கும்படி செய்வது உதவியில் சேராது. நோயாளிகளின் வீடு, தனியாக வாழும் பெண்களின் வீடு, கடன் பட்டவர், புதிதாக ஊருக்கு வந்தவர் யாரையும் அப்படி வைக்கக் கூடாது. இரத்த தானம் செய்பவர்கள் பட்டியலிலும் வீட்டைக் குறிக்காமல், அவர் சம்மதித்தால் தொலைபேசி எண்ணை மட்டும் அலுவலகத்தில் வைத்துக் கொள்ளலாம். 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை முக்கியமாக்குகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது.

குடும்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டாமல், நம் சமுதாயத்தார் எங்கெங்கே வசிக்கிறார்கள் என்று மட்டும் குறிக்கலாமே என்று கேட்டால், அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1941-ல் ஜெர்மானிய நாஜிப் படையின் பிடியில் இருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், நகராட்சியின் புள்ளிவிவரப் பிரிவு ஒரு வரைபடம் தயாரித்தது. கேட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். நகரில் யூதர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதைக் காட்டும் வரைபடம். ஒரு புள்ளிக்கு 10 பேர். பெயரில்லை, முகவரியில்லை. மிகத் திருத்தமான வேலை. அதைச் செய்தவர்கள் நகராட்சியின் சாதாரண எழுத்தர்கள். அடுத்த சில ஆண்டுகளில் நெதர்லாந்து யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். ஒரு சமூகத்தின் வசிப்பிட வரைபடம் நல்ல நோக்கத்தில் உருவானாலும், அது நாளை யார் கையில் இருக்கும் என்பதைச் செய்பவர் முடிவு செய்ய முடியாது.

தவறான நோக்கமே இல்லாமலும் கசியும். ஓட்டப்பயிற்சி செய்பவர்கள் பயன்படுத்தும் 'ஸ்ட்ராவா' செயலி, தன் உறுப்பினர்கள் ஓடிய பாதைகளை ஒட்டுமொத்தமாக ஓர் உலக வரைபடத்தில் வெளியிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை. 2018 ஜனவரியில் பார்த்தால், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருண்ட பாலைவனங்களுக்கு நடுவே இராணுவ முகாம்களின் வடிவம் அப்படியே ஒளிர்ந்தது. வீரர்கள் காலையில் முகாமைச் சுற்றி ஓடியிருந்தார்கள்.

அப்படியானால் தேவையுள்ள குடும்பங்களைப் பற்றிய திட்டமிடலுக்கு என்ன செய்வது? இரண்டு அட்டவணை வையுங்கள். பொது அட்டவணையில் இடங்கள், நிறுவனங்கள், சேவைகள் மட்டும். குடும்பங்களின் அட்டவணை அலுவலகக் கணினியில், கடவுச்சொல்லோடு, இரண்டு மூன்று பொறுப்பாளர்கள் பார்க்கும்படி மட்டும். அதிலிருந்து கொடையாளர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தால் வார்டு வாரியாகக் கூட்டுத் தொகையைக் காட்டுங்கள். ஒரு வார்டில் ஐந்து குடும்பத்துக்குக் குறைவாக இருந்தால் பக்கத்து வார்டோடு சேர்த்துவிடுங்கள். தனியாக 'ஒன்று' என்று காட்டினால் அந்த ஒருவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். முன்பு சொன்ன தசம இலக்கக் கணக்கு இங்கே உதவும்: ஐந்து இலக்கம் வாசற்படியைக் காட்டும், இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் பகுதியை மட்டும் காட்டும்.

இன்னும் மூன்று தொழில்நுட்ப எச்சரிக்கை. எக்செலில் ஒரு நெடுவரிசையை மறைத்து வைத்தால் அது அழிந்துவிட்டது என்று பொருளில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அதுவும் கூடவே போகும். பொது அட்டவணைக்குப் புதிய கோப்பாகத் தொடங்கி, வேண்டியதை மட்டும் எழுதுங்கள். அடுத்து, 'லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம்' என்ற அமைப்பைப் பூட்டு என்று நினைக்காதீர்கள்; வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பினால் போதும். மூன்றாவதாக, மை மேப்ஸில் பார்ப்பவர் முழு வரைபடத்தையும் தம் கணினிக்கு இறக்கிக் கொள்ள முடியும். நாம் பிறகு அழித்தாலும் அவரிடம் இருக்கும்.

*எப்படித் தொடங்குவது*

முதல் சுற்றில் நான்கு வகை மட்டும் எடுப்போம்: மருத்துவம், இ-சேவை மற்றும் அரசு அலுவலகம், கல்வி உதவி கிடைக்கும் இடங்கள், ஜனாஸா ஏற்பாடுகள். முப்பது நாற்பது வரிக்கு மேல் வராது. நாற்பது சரியான வரி, நானூறு அரைகுறை வரியைவிடப் பயனுள்ளது. இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் எண்ணை எடுக்க, ஒருவர் கேட்டு எழுத. பெண்கள் மருத்துவம் சார்ந்த இடங்களுக்குச் சகோதரிகள் போனால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்; நாங்கள் போய் 'பெண் டாக்டர் வருவாரா' என்று கேட்டுத் திரும்புவதோடு சரி. தனியார் எவருடைய எண்ணையும் சீட்டில் போடுமுன், 'இது ஊரார் எல்லோரும் பார்ப்பார்கள், இரவிலும் அழைப்பார்கள்' என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வரிக்கும் ஒரு போன் செய்து, தேதியைப் புதுப்பிக்க வேண்டும். நாற்பது அழைப்பு, நான்கு பேர், ஆளுக்குப் பத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும். கைபேசி இல்லாத பெரியவர்களுக்காக, வரைபடத்தை அச்சிட்டு அதன் கீழே எண்களின் பட்டியலோடு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும், பெண்கள் மதரஸாவிலும் ஒட்டலாம். பக்கத்தில் க்யூஆர் குறியும் இருக்கட்டும்.

நெடுவரிசைகள் வரைந்த மாதிரித் தாள் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து வாங்கிக் கொள்ளுங்கள். வரும்போது கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும். எண் எடுக்கும் முறையை அலுவலக வாசலிலேயே நின்று காட்டித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். பஸ் நிலையப் பக்கத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஆள் இருக்கிறார்கள். மையவாடித் தெருப் பக்கத்துக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.